பனிமலைக்கு ஒருநாள்: ரோத்தாங் கணவாயும் லாஹௌல் பள்ளத்தாக்கும்



தலைநகரில் மே மாதம் பிறந்துவிட்டால் நம்முடைய வீடுகளில் இரண்டு பேச்சுகள் எழும்பும். ஒன்று, ஊருக்குச் செல்லத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ திருக்குறள் எக்ஸ்பிரஸிலோ இடம் கிடைத்ததா என்பது. மற்றொன்று, இந்த வருஷமாவது பிள்ளைகளைக் குளிர்ந்த இடம் ஒன்றுக்கு அழைத்துச் செல்லலாகாதா என்பது. ஊருக்குச் செல்ல இடம் கிடைக்காத குடும்பங்களும், சபையின் வாலிபர் குழுக்களும் மணாலியை நோக்கிப் புறப்படுவது இப்போது வழக்கமாகிவிட்டது. மணாலியில் இரண்டு நாள் தங்குவோர் அனைவரும் அதற்கு அப்பாலுள்ள பனிமலையை ஒரே நாளில் கண்டு திரும்ப விரும்புகிறார்கள்.

அந்த ஒரு நாளைப் பற்றியே இக்கட்டுரை. ஆயத்தத்தோடு செல்கிறவர்களுக்கு அது வாழ்நாளெல்லாம் நினைவில் நிற்கும் நாள். ஆயத்தமின்றிச் செல்கிறவர்களுக்கோ மூச்சுத்திணறலும் வாந்தியும் வழியடைப்புமே மிஞ்சும். ஆகவே எதைக் காணவேண்டும் என்பதோடு, எதற்கு எச்சரிக்கையாயிருக்கவேண்டும் என்பதையும் சேர்த்தே வாசியுங்கள்.

மரங்கள் முடியும் இடம்

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைகளின் பெயரால், உலகெங்கும் மரங்கள் வளரும் எல்லைக்கு மேலே உள்ள மலைப்பகுதியை ஆல்பைன் வலயம் என்று அழைக்கிறார்கள். அங்கே குளிர்காலம் நீண்டது. வளரும் காலம் மிகக் குறுகியது. ஆகையால் மரம் நிற்காது. புல்லும், தரையோடு ஒட்டிய சிறு செடிகளும், சில வாரங்களே மலரும் பூக்களும் மட்டுமே அங்கு உண்டு. அதற்கும் மேலே பாறையும் பனியும்தான்.

நம்முடைய நீலகிரியில் இத்தகைய உயரம் இல்லை. உதகமண்டலம் ஏறத்தாழ 2,240 மீட்டர். அதன் உச்சியாகிய தொட்டபெட்டா 2,637 மீட்டர். மணாலியோ ஏறத்தாழ 2,050 மீட்டர்தான், உதகையைவிடத் தாழ்ந்தது. ஆனால் மணாலியிலிருந்து 51 கிலோமீட்டர் சாலையில் நாம் ஏறிச்செல்லும் ரோத்தாங் கணவாய் 3,978 மீட்டர் உயரமுள்ளது. தொட்டபெட்டாவின்மேல் இன்னும் 1,300 மீட்டருக்கு அதிகமாக அடுக்கினால்தான் அந்த உயரம் வரும். சுவிட்சர்லாந்தில் உலகப் புகழ்பெற்ற யுங்ஃபிராவ்யோக் ரயில் நிலையம் 3,454 மீட்டரில் உள்ளது. அதையும் விஞ்சிய இடத்துக்கு டெல்லிவாசிகளாகிய நாம் ஓர் இரவு பேருந்துப் பிரயாணமும் ஒரு காலை வாடகைக் கார் பிரயாணமும் செய்து சேர்ந்துவிடுகிறோம். இதில் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு.

புறப்படும் ஒழுங்கு

டெல்லியிலிருந்து மணாலி ஏறத்தாழ 530 கிலோமீட்டர். ரயில் பாதை இல்லை. காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்திலிருந்து மாலையில் புறப்படும் இமாச்சல் அரசுப் பேருந்துகள் கர்னால், அம்பாலா, சண்டிகர், மண்டி, குல்லு வழியாக மறுநாள் காலையில் மணாலியைச் சேரும். பன்னிரண்டு முதல் பதினான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் இந்தக் கணக்கு நிற்காது. 2023 ஜூலையிலும் 2025 ஆகஸ்ட்டிலும் பியாஸ் ஆறு கரைபுரண்டு இச்சாலையைப் பல இடங்களில் அரித்துச் சென்றது. ஆகவே ஜூலை, ஆகஸ்ட் மாதங்களைத் தவிர்ப்பது ஞானம். மே பிற்பகுதியும் ஜூனும் பனியைக் காண ஏற்ற காலம். செப்டம்பர் பிற்பகுதியும் அக்டோபரும் தெளிந்த வானத்தைக் காண ஏற்ற காலம்.

வியாழன் இரவு புறப்பட்டு, வெள்ளி மணாலியில் தங்கி, சனிக்கிழமை மலைக்குச் சென்று, அன்றிரவே பேருந்து ஏறினால் ஞாயிறு காலை டெல்லிக்கு வந்துவிடலாம் என்று கணக்கிடுகிறவர்கள் உண்டு. ஆராதனைக்குத் தவறலாகாது என்ற நல்ல எண்ணம் அது. ஆனால் மலை அந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. சிறு பிள்ளைகளும் முதியோரும் உடன் வந்தால் இன்னும் ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் வெள்ளிக்கிழமை ஓய்வை மட்டும் யாரும் குறைக்கலாகாது. அதன் காரணத்தைப் பின்னர் காண்போம்.

ரோத்தாங்கிற்குச் சுற்றுலா வாகனங்கள் உரிமச் சீட்டின்றிச் செல்ல இயலாது. பனிப்பாறைகளின்மேல் வாகனப்புகையின் கரி படிவதைக் கண்டு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வாகனங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு விதித்தது. அதன்படி நாளொன்றுக்குப் பெட்ரோல் வாகனங்கள் 800, டீசல் வாகனங்கள் 400 என 1,200 மட்டுமே அனுமதி பெறும். செவ்வாய்க்கிழமைகளில் சாலைப் பராமரிப்புக்காகச் சுற்றுலா வாகனங்களை விடுவதில்லை. உரிமச் சீட்டு இணையத்தின் வழியாகவே வழங்கப்படுகிறது. கணவாயைத் தாண்டி மறுபுறம் இறங்க அந்தச் சீட்டு செல்லுமா என்பதையும், அவ்வாண்டின் விதிகளையும் முந்தின நாளே ஓட்டுநரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

காலையில் மேலே

விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் புறப்பட்டுவிடுங்கள். எட்டு மணிக்குமேல் சாலையில் வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து நிற்கும். வழியில் எண்ணிட்ட சிறு கடைகளில் தடித்த மேலங்கிகளையும் ரப்பர் பூட்ஸ்களையும் வாடகைக்குத் தருவார்கள். வாடகையை முன்னதாகவே பேசி, கிழிசல் ஏதேனும் இருந்தால் அப்போதே காட்டிவிடுவது நல்லது. நம்முடைய வீட்டிலுள்ள டெல்லிக் குளிர்கால உடைகளே ஸ்வெட்டர், மப்ளர், கையுறை, இரண்டு ஜோடிக் காலுறை எனப் பெரும்பாலும் போதுமானவை. பனியில் விளையாடும் பிள்ளைகளுக்கு மட்டும் பூட்ஸ் அவசியம்.

கோட்டி கிராமத்தைக் கடக்கும்வரை தேவதாரு, ஸ்ப்ரூஸ் மரங்கள் இருபுறமும் அடர்ந்து நிற்கும். சாலை வளைந்து வளைந்து ஏற ஏற, மரங்களின் உயரம் குறைவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வெள்ளைப் பட்டையுடைய பூர்ஜ மரங்கள் தோன்றினால் காட்டின் எல்லை நெருங்கிவிட்டது என்று அறியலாம். பண்டைநாட்களில் ஏடுகளுக்குப் பதிலாக இம்மரத்தின் பட்டையில் எழுதினார்கள். மடீ என்னுமிடத்தை அடையும்போது மரமே இராது. கண்ணுக்கு எட்டியவரை பசும்புல்வெளியும், அதன் நடுவே ஆட்டுமந்தைகளோடு செல்லும் கத்தி இனத்து மேய்ப்பர்களுமே தென்படுவார்கள். கோடையில் மந்தைகளை மேலே ஓட்டிச் சென்று, குளிருக்கு முன் கீழே இறக்கும் இவ்வழக்கம் பல தலைமுறைகளாகத் தொடர்கிறது. மேய்ப்பனையும் மந்தையையும் குறித்து வேதத்தில் வாசித்தே வளர்ந்த நம் நகரத்துப் பிள்ளைகளுக்கு, மெய்யான மேய்ப்பன் ஒருவனைக் காண்பதுதானே ஒரு பாடம்!

மடீயில் தேநீர்க் கடைகள் உள்ளன. இங்கே அரைமணி நேரம் கட்டாயமாக நில்லுங்கள். அவசரப்படுத்தும் ஓட்டுநரிடம் தன்மையாகச் சொல்லி நிறுத்தச் செய்யுங்கள்.

கணவாயின் உச்சியில்

ரோத்தாங் என்பது பிர் பஞ்சால் மலைத்தொடரில் உள்ள ஒரு கணவாய். இதன் பெயருக்குப் பிணங்களின் குவியல் என்ற பொருள் சொல்லப்படுகிறது. பனிப்புயலில் சிக்கி இதைக் கடக்கமாட்டாமல் மாண்ட வழிப்போக்கர் அநேகர். காலையில் வானம் நீலமாயிருக்கும். பிற்பகலில் காற்று திடீரென எழும்பும். ஆகவே நண்பகலுக்குள் உச்சியை விட்டு இறங்கிவிடவேண்டும் என்பது அப்பகுதி மக்களின் பழைய விதி.

உச்சியில் நின்று தெற்கே பாருங்கள். நீங்கள் ஏறிவந்த பசுமையான குல்லு பள்ளத்தாக்கு மேகத்துக்கடியில் கிடக்கும். பியாஸ் ஆற்றின் ஊற்று இங்கேயே அருகில் உள்ளது. கி.மு. 326-இல் அலெக்சாண்டரின் சேனை இந்த ஆற்றங்கரை வரை வந்துதான், இனி வரமாட்டோம் என்று திரும்பிப் போயிற்று. இப்போது வடக்கே பாருங்கள். மரமற்ற பழுப்பு மலைகளும், அவற்றின் தலைகளில் வெண்பனியும் தெரியும். அதுவே லாஹௌல். ஒரே கணவாயின் இருபுறமும் இரண்டு தேசங்கள்போல் காட்சியளிப்பதன் காரணம் மழைதான். தென்மேற்குப் பருவமழை மேகங்களைப் பிர் பஞ்சால் தடுத்துவிடுகிறது. இப்பக்கம் காடு செழிக்க, அப்பக்கம் உருகும் பனிநீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்தே விவசாயம் செய்கிறார்கள். மேற்குத்தொடர்ச்சி மலையின் இருபுறமும் அறிந்த நம் தென்காசி, கம்பம் வாசகர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

இன்னும் சில அதிசயங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் இங்கே பந்துபோல் உப்பியிருக்கும். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 62 சதவீதமே என்பதால், பாக்கெட்டுக்குள் அடைபட்ட காற்று விரிகிறது. அதே காரணத்தால் தண்ணீர் நூறு டிகிரிக்குக் காத்திராமல் ஏறத்தாழ 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் இங்கே சோறு சமைத்தால் அரிசி முழுமையாக வேகாது.

வெப்பமும் ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் ஏறத்தாழ 6.5 டிகிரி வீதம் குறைகிறது. டெல்லிக்கும் ரோத்தாங்கிற்கும் உள்ள உயர வேறுபாட்டால் மட்டும் ஏறக்குறைய 24 டிகிரி குறையவேண்டும். பனியின்மேல் வீசும் காற்றோ அதை இன்னும் கடுமையாக உணரச்செய்யும். ஆயினும் வெயிலைக் குளிர் என்று எண்ணி ஏமாறாதீர்கள். மெல்லிய காற்றின் வழியே புறஊதாக் கதிர்கள் அதிகமாக இறங்குகின்றன. பனி அவற்றை முகத்துக்கே திருப்பி அடிக்கிறது. கருப்புக் கண்ணாடி இங்கே அலங்காரமல்ல; கண்ணுக்குப் பாதுகாப்பு.

மூச்சைக் குறித்த எச்சரிக்கை

இனி முக்கியமான காரியம். 2,500 மீட்டருக்கு மேலே விரைவாக ஏறும் எவருக்கும் உயரநோய் வரக்கூடும். வாலிபன், பலசாலி, விளையாட்டு வீரன் என்று அது பார்ப்பதில்லை. நம்முடைய சரீரம் குறைந்த பிராணவாயுவுக்குப் பழக நாட்கள் வேண்டும். நாமோ சில மணி நேரத்தில் ஏறிவிடுகிறோம். மணாலியில் ஒருநாள் தங்கி ஓய்வெடுக்கவேண்டும் என்று முன்னர் கூறியது இதற்காகவே. அது நோயை முற்றிலும் தடுக்காது. ஆனால் இரவெல்லாம் பேருந்தில் உறங்காமல் வந்து அன்றைக்கே மேலே ஏறுவதினும் மிகவும் நல்லது.

தலைவலி, குமட்டல், தலைசுற்றல், பசியின்மை, அசாதாரணமான களைப்பு ஆகியவை முதல் அடையாளங்கள். குழந்தைகளுக்குச் சொல்லத் தெரியாது. காரணமின்றி அழுவது, பால் மறுப்பது, விளையாடாமல் சோர்ந்து படுப்பது ஆகியவற்றை அடையாளமாகக் கொள்ளுங்கள். இவை தோன்றினால் மேற்கொண்டு ஏறாதீர்கள். குறையாமல் கூடினால் உடனே கீழே இறங்குங்கள். இறங்குவதே முதல் மருந்து. நடை தடுமாறினாலோ, பேச்சு குழறினாலோ, ஓய்வாயிருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிஷமும் தாமதியாமல் இறங்கி மருத்துவரிடம் சேர்க்கவேண்டும்.

இருதய நோய், ஆஸ்துமா, கடுமையான இரத்தசோகை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டெல்லியிலேயே மருத்துவரிடம் கேட்காமல் இந்தப் பிரயாணத்தை மேற்கொள்ளலாகாது. நாங்கள் ஜெபித்துவிட்டுத்தான் வந்தோம் என்று சொல்லி, நீலம்பாரித்த உதடுகளோடு முதியவர் ஒருவரை மேலே அழைத்துச் செல்வது விசுவாசமாகாது. ஜெபத்தோடு விவேகமும் நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறதல்லவா? பணம் கட்டியாயிற்று, இவ்வளவு தூரம் வந்தாயிற்று என்ற எண்ணமே அநேகரை மேலே தள்ளுகிறது. குடும்பத்தில் ஒருவருக்கு முடியவில்லையானால் மற்றவர்கள் முகம் சுளிக்காமல் திரும்பிவிடுவோம் என்று புறப்படுமுன்னே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். அந்த ஒரு பேச்சு ஓர் உயிரையே காக்கக்கூடும்.

மறுபுறத்துப் பள்ளத்தாக்கு

கணவாயிலிருந்து வடக்கே இறங்கினால் சந்திரா நதிக்கரையிலுள்ள கோக்சர் வரும். அங்கிருந்து ஆற்றோடு கீழே சென்றால் சிஸ்ஸு. எதிர்மலையிலிருந்து விழும் உயர்ந்த அருவியும், சிறிய ஏரியும், வில்லோ மரங்களும், உருளைக்கிழங்கு வயல்களும் சேர்ந்த அழகிய கிராமம் அது. குடும்பத்தோடு அமர்ந்து மதிய உணவு உண்ண இதைவிட நல்ல இடம் இவ்வழியில் இல்லை. பலமுள்ளவர்கள் இன்னும் சென்று, சந்திராவும் பாகாவும் கூடும் தாண்டியைக் காணலாம். பாராலாச்சா கணவாயின் இருபுறமும் பிறந்து, வெவ்வேறு திசையில் சுற்றிவரும் இவ்விரு நதிகளும் இங்கே ஒன்றாகி செனாப் என்னும் மகாநதியாகின்றன. தாண்டிக்கு அப்பால் சில கிலோமீட்டரில் லாஹௌல்–ஸ்பிதி மாவட்டத் தலைநகராகிய கேலாங் உள்ளது.

இந்த வயல்களுக்கும் நம் சமையலறைக்கும் தொடர்பு உண்டு. சமவெளியில் வெயில் கொளுத்தும் மாதங்களில் ஆசாத்பூர் மண்டிக்கு வரும் பச்சைப் பட்டாணியிலும் காலிஃப்ளவரிலும் ஒரு பங்கு இப்பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. ஆண்டில் ஒரே விளைச்சல்தான். அதைக்கொண்டே அவர்கள் ஆண்டு முழுதும் பிழைக்கவேண்டும்.

கேலாங்கில் ஊன்றிய விதை

நம்முடைய வாசகர்கள் அறியவேண்டிய ஒரு வரலாறும் இங்கே உண்டு. 1760-இல் நம் தரங்கம்பாடிக்கு வந்து ஊழியம் செய்த மொராவிய சகோதரரின் சபையை அறிந்திருப்பீர்கள். அதே சபையிலிருந்து 1853-இல் ஹைடே, பாகெல் என்னும் இருவர் மங்கோலியாவுக்குச் செல்லும் எண்ணத்தோடு இந்தியா வந்தார்கள். திபெத்தின் வாசல்கள் அவர்களுக்குத் திறக்கப்படவில்லை. ஆகவே 1856-இல் கேலாங்கில் தங்கிவிட்டார்கள். மறுவருஷம் மொழி வல்லவரான யேஷ்கே அவர்களோடு சேர்ந்தார்.

ஹைடேயும் அவர் மனைவி மரியாவும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இப்பகுதியில் வாழ்ந்தார்கள். குளிர்காலம் தோறும் கணவாய் மூடப்பட, வெளியுலகத்தின் கடிதம்கூட வருவதரிது. அவர்களுடைய ஊழியத்தால் சபையில் சேர்ந்தவர்கள் மிகச் சிலரே. எண்ணிக்கையைக்கொண்டு அளந்தால் தோல்வி என்றே சொல்லவேண்டும். ஆனால் லாஹௌலில் முதன்முதலாக உருளைக்கிழங்கை நட்டவர் ஹைடே என்று அம்மக்கள் இன்றும் கூறுகிறார்கள். பின்னாளில் விதைக்கிழங்குக்கே இப்பள்ளத்தாக்கு பெயர்பெற்றது. பனிக்காலத்தில் வீட்டுக்குள் அடைபட்டிருந்த பெண்களுக்கு மரியா கம்பளிக் காலுறை பின்னக் கற்றுக்கொடுத்தார். பலநிறக் கோலங்களோடு இன்றும் விற்கப்படும் லாஹௌலின் காலுறைகளும் கையுறைகளும் புவிசார் குறியீடு பெற்றுள்ளன. நீங்கள் ஒரு ஜோடி வாங்கினால் அந்த வரலாற்றின் இழையொன்றை வீட்டுக்குக் கொண்டுவருகிறீர்கள்.

யேஷ்கேயின் திபெத்திய–ஆங்கில அகராதி 1881-இல் வெளிவந்தது. அவர் 1883-இல் மரித்தபின், 1885-இல் திபெத்திய மொழியில் புதிய ஏற்பாடு அச்சானது. முழு வேதாகமம் லடாக்கைச் சேர்ந்த யோசேப் கெர்கனின் நெடுங்கால உழைப்புக்குப் பின், அவர் மறைந்து இரண்டு ஆண்டு கழித்து, 1948-இல் லாகூரில் வெளிவந்தது. விதைத்தவர் அறுப்பைக் காணவில்லை. ஆயினும் விதை வீணாகவில்லை.

மலையைத் துளைத்த வழி

திரும்பும்போது கணவாய் வழியே ஏறவேண்டாம். சிஸ்ஸுவுக்கு அருகிலுள்ள அடல் சுரங்கப்பாதை வழியே வாருங்கள். 2010-இல் தோண்டத் தொடங்கி, சேரி நாலா என்னும் ஓடைக்கு அடியில் ஏறத்தாழ 600 மீட்டர் தூரம் நொறுங்கிய பாறையோடும் பீறிட்ட தண்ணீரோடும் ஆண்டுக்கணக்கில் போராடி, 2017-இல் இரு முனைகளும் சந்தித்தன. 2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்ட இதன் நீளம் 9.02 கிலோமீட்டர். மணாலிக்கும் லேவுக்கும் இடையே 46 கிலோமீட்டர் குறைந்தது. முற்காலத்தில் பல மணி நேரம் பிடித்த இடத்தைச் சில நிமிஷங்களில் கடந்துவிடுகிறோம்.

நமக்கு அது வியப்பு. லாஹௌல் மக்களுக்கோ உயிர்ப்பிரச்சினை. அதற்குமுன் ஆண்டுக்கு ஏறக்குறைய ஆறு மாதம் ரோத்தாங் மூடியிருக்கும். பிரசவவேதனைப்படும் பெண்ணும், மாரடைப்பால் துடிக்கும் முதியவரும் ஹெலிகாப்டர் வரும் நாளுக்காகக் காத்திருக்கவேண்டும். மேகம் மூடினால் அதுவும் வராது. இன்று சுரங்கத்தைக் கடந்து குல்லு மருத்துவமனைக்குச் செல்ல வழி உண்டு. ஆயினும் கடும்பனி பொழிந்தால் சுரங்கத்தை அடையும் சாலைகள் அடைபடுகின்றன. 2024 டிசம்பர் 23 அன்று சோலாங்குக்கும் சுரங்கத்துக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் வாகனங்கள் பனியில் சிக்க, காவல்துறையினர் இரவில் சுற்றுலாப் பயணிகளை மீட்டார்கள். பனி பொழிவதைக் காணும் ஆசையால் கிறிஸ்துமஸ் விடுமுறையில் புறப்படுகிறவர்கள் இதை நினைவில் கொள்ளவேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சாலையோரத்தில் தார் உருக்கிக்கொண்டும் கல் உடைத்துக்கொண்டும் நிற்கும் தொழிலாளரில் அநேகர் ஜார்க்கண்டிலிருந்து எல்லைச் சாலை அமைப்பின் வேலைக்கு வந்தவர்கள். நம்மைப்போலவே பிழைப்புக்காகச் சொந்த ஊரைவிட்டு வந்தவர்கள். நமக்குப் பழகாத இக்குளிர் அவர்களுக்கும் பழகியதல்ல. நம்முடைய ஒருநாள் இன்பத்துக்காக அவர்களுடைய கோடை முழுவதும் அந்த உயரத்தில் கழிகிறது. வண்டியை மெதுவாகச் செலுத்தி, கைகாட்டி ஒரு வணக்கம் சொல்லுங்கள். உங்களிடம் மிகுந்திருக்கும் பிஸ்கட்டும் பழமும் அவர்களுக்கு உதவும்.

போகுமுன் நினைவில் கொள்ளவேண்டியவை

போதிய குடிநீர், உலர்ந்த உணவு, பிள்ளைகளுக்கு மாற்றுக் காலுறை, வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகள், வாந்திக்கான உறைகள் ஆகியவற்றைக் கையிலேயே வைத்திருங்கள். வயிறு நிறைய உண்டு ஏறாதீர்கள்; வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள். உச்சியில் ஓடிப் பிடித்து விளையாடவேண்டாம். மெதுவாய் நடந்தால் போதும். கைபேசித் தொடர்பு எல்லா இடத்திலும் கிடைக்காதாகையால், பிரிந்துபோனால் எங்கே கூடுவது என்று முன்பே சொல்லிவையுங்கள். ஆற்றங்கரையில் படம் எடுக்கப் பாறைமேல் இறங்காதீர்கள். பனிநீர் ஆறு கண்ணெதிரே பெருகும்.

குப்பையை ஒரு பையில் கட்டி மணாலிக்கே கொண்டுவாருங்கள். அந்தக் குளிரில் வாழைப்பழத் தோல்கூட எளிதில் மக்காது; பிளாஸ்டிக்கைச் சொல்லவேண்டியதில்லை. நாம் எறியும் உறை, சிஸ்ஸு மக்கள் குடிக்கும் வாய்க்காலில்தான் போய்ச் சேரும். ஆறு மாதம் பனியில் அடைபட்டு வாழ்ந்த ஒரு ஜனத்துக்கு வழி திறந்தது. அந்த வழியே முதலில் வந்து சேர்ந்தது நம்முடைய குப்பையாக இருக்கலாகாது.

மலைகளைப் படைத்தவர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. பத்திரமாய்ப் போய், பத்திரமாய்த் திரும்பி வாருங்கள்.